சைனஸ், மூக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஐஸ் ஒத்தடம்: முதல் மூன்று நாளுக்கான முழு வழிகாட்டி

சைனஸ் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவருக்கு ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தால், முதலில் தயங்குவது வீட்டுப் பெரியவர்கள்தான். "இத்தனை வருஷமா ஜில்லுன்னு எதுவும் குடிக்க விடாம பொத்திப் பொத்தி வச்சிருந்தோம், இப்போ மூஞ்சியிலேயே ஐஸ் வைக்கச் சொல்றாங்களே" என்பார்கள். அந்தக் கேள்வியில் இருப்பது அக்கறை. இன்னொரு பக்கம், டாக்டர் சொல்லிவிட்டார் என்று ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக்கைத் துணிகூடச் சுற்றாமல் கன்னத்தில் வைத்து, அப்படியே தூங்கிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் வீட்டில் நோயாளி தேவையில்லாமல் வலியோடு கிடக்கிறார். இரண்டாவது வீட்டில் தோல் வெந்துபோகிறது.

பெரியவர்களின் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். தோலின் மேல் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கும் குளிர்ச்சியால் சளி பிடிக்காது, சைனஸில், அதாவது முக எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளில், நீர் கோத்துக்கொள்ளாது. சளி வைரஸால் வருகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கு அடைத்திருப்பதற்குக் காரணம், உள்ளே சவ்வு வீங்கியிருப்பதும் ரத்தம் உறைந்து பொருக்குத் தட்டியிருப்பதும்தான். ஐஸ் அதை அதிகமாக்காது. ஆனால் அதைக் கரைக்கவும் செய்யாது. ஐஸ் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதில் தெளிவு வந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு பலன்

மூக்கின் எலும்பை வெட்டி வடிவத்தைச் சரிசெய்யும் ரைனோபிளாஸ்டியில்தான் ஐஸுக்கு வேலை அதிகம். எலும்பு வெட்டிய இடத்திலிருந்து கசியும் ரத்தம் கண்ணைச் சுற்றியுள்ள மெல்லிய தோலுக்குள் இறங்கி, இமை வீங்கி, கண்ணுக்குக் கீழே கருநீலமாகும். மேலுதட்டுக்கு உள்பக்கம் வெட்டி, கன்னத்து எலும்பு வழியாகச் சைனஸைத் திறக்கும் பழைய முறை ஆபரேஷனிலும் கன்னம் நன்றாக வீங்கும். அங்கேயும் ஐஸ் உதவும்.

மூக்குத் தண்டு வளைவைச் சரிசெய்யும் செப்டோபிளாஸ்டியில் வெட்டு, தையல் எல்லாம் உள்ளே. வெளியே வீக்கம் பெரிதாக இருக்காது. ஐஸால் நெற்றி பாரமும் மூக்கைச் சுற்றியுள்ள வலியும் குறையும், அவ்வளவுதான்.

இன்று பெரும்பாலானவர்களுக்குச் செய்யப்படுவது ஃபெஸ் எனப்படும் எண்டோஸ்கோப்பி சைனஸ் ஆபரேஷன். மூக்குத் துவாரம் வழியாகவே கருவியை விட்டு, முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் முடிந்துவிடும். உள்சவ்வின் வீக்கம் எலும்புக்குப் பின்னால் இருப்பதால், கன்னத்தில் வைக்கும் ஐஸ் அவ்வளவு தூரம் போய் எட்டாது. அங்கே வேலை செய்பவை டாக்டர் எழுதித் தரும் மருந்தும் உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதும்தான். ஐஸ் ஆறுதலுக்கு மட்டும். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபெஸ் மட்டும் செய்துகொண்டவருக்குக் கண் வீங்கினால் "ஆபரேஷன் வீக்கம்தானே" என்று ஐஸ் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். சைனஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் இருப்பது காகிதம் போல மெல்லிய எலும்பு. கண் வீங்குவது, பிதுங்குவது, இமைக்குள் ரத்தம் கட்டுவது எல்லாம் கண் குழிக்குள் ரத்தக் கசிவு இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட வேண்டிய விஷயம் அது.

குளிர்ச்சி உள்ளே என்ன செய்கிறது

தோல் குளிரும்போது அதன் கீழுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. காயம்பட்ட இடத்துக்குப் பாயும் ரத்தமும், குழாயிலிருந்து திசுவுக்குள் கசியும் நீரும் குறைகின்றன. நரம்பு வலியைக் கடத்தும் வேகமும் மட்டுப்படுகிறது. தோலின் வெப்பம் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை இறங்கினால் வலி மரத்துப்போகும். அதற்கும் கீழே இறக்குவதால் லாபம் ஒன்றுமில்லை, தோலுக்குத்தான் ஆபத்து.

முகத்து வீக்கம் ஆபரேஷன் முடிந்த 48 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாக வடியத் தொடங்கும். ஐஸின் பலன் ஏறக்குறைய முழுவதும் அந்த ஏறுமுகத்தில்தான் இருக்கிறது. அதிலும் முதல் நாள்தான் முக்கியம்.

வீக்கம் முழுக்க முழுக்க எதிரி இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. காயத்தை ஆற்றும் அணுக்கள் அந்த வழியாகத்தான் வந்து சேர்கின்றன. அடிபட்ட இடத்துக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-இல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், அளவுக்கு மீறிய ஐஸ் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-இல் தன் கருத்தையே திருத்திக்கொண்டார். அவர் பேசியது விளையாட்டுக் காயங்களைப் பற்றி. மூக்கு ஆபரேஷனில் நடந்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் முதல் சில நாள் இமை வீக்கம் குறைந்திருக்கிறது, சிலவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் ஐஸை வலியையும் பாரத்தையும் குறைத்து முதல் மூன்று நாளைத் தாண்ட வைக்கும் துணையாகப் பார்ப்பது சரி என்று நினைக்கிறேன். நிறைய வைத்தால் சீக்கிரம் ஆறும் என்ற கணக்கு இங்கே எடுபடாது.

டாக்டரிடம் கேட்காமல் வைக்கக் கூடாதவர்கள்

குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து நீலமாகும் ரேனாட் பிரச்சினை உள்ளவர்கள், குளிரில் தோல் தடித்து அரிப்பவர்கள், சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான சிக்கில் செல் ரத்தசோகை உள்ளவர்கள் கேட்காமல் வைக்க வேண்டாம். கறுப்புப் பூஞ்சைக்காகச் சைனஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் அப்படியே. 2021-இல் கொரோனா இரண்டாம் அலைக்குப் பின் தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் இந்த நோயைப் பக்கத்தில் பார்த்தன. அந்தப் பூஞ்சை ரத்தக் குழாயையே அடைத்துத் திசுவைச் சாகடிப்பது. ஏற்கெனவே ரத்தம் போகாமல் தவிக்கும் இடத்தில் குழாயை மேலும் சுருக்கலாமா என்பதை உங்கள் சர்ஜன்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு கூட்டத்தை எளிதில் தவறவிடுகிறோம்: முகத்தில் மரமரப்பு உள்ளவர்கள். கன்னம் வழியாகச் செய்யும் ஆபரேஷனுக்குப் பிறகு கன்னமும் மேலுதடும் பல வாரம் மரத்திருக்கலாம். செப்டோபிளாஸ்டிக்குப் பிறகு மேல் முன்பற்களும் அவற்றை ஒட்டிய அண்ணமும் மரத்துப்போவது உண்டு. மரத்த தோலுக்குச் சுடுவதும் தெரியாது, உறைவதும் தெரியாது. அந்த இடத்தில் ஐஸ் வைத்தால் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக்கொள்ள வேண்டும், தோலை வேறொருவர் கண் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முந்தின நாளே தயார் செய்ய வேண்டியவை

ஐஸ் ட்ரேக்களை நிரப்பி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மின்தடை வரும் ஊர் என்றால் ஒரு வாயகன்ற ஃபிளாஸ்க்கோ தெர்மோகோல் பெட்டியோ இருக்கட்டும். படுக்கைக்குப் பக்கத்திலேயே ஐஸ் இருந்தால் நடு இரவில் யாரும் சமையலறைக்கு ஓட வேண்டியதில்லை. பழைய வேட்டித் துணியைக் கைக்குட்டை அளவில் ஏழெட்டுத் துண்டுகளாகக் கிழித்துத் துவைத்துக் காயவையுங்கள். மூன்று தலையணை, காட்டன் காஸ், பிளாஸ்டர் டேப் எடுத்து வையுங்கள். ஃப்ரோஸன் பச்சைப் பட்டாணி பாக்கெட் கிடைத்தால் இரண்டு வாங்கலாம். முகத்தின் வளைவுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். ஒத்தடத்துக்கு எடுத்த பட்டாணியைத் திரும்பச் சமைக்காமல், பாக்கெட்டின் மேல் அடையாளம் போட்டுத் தனியாக வைத்துவிடுங்கள்.

ஐஸ் கையுறை

ஆஸ்பத்திரி வார்டுகளில் காலங்காலமாகச் செய்யும் எளிய முறை இது. கடையில் விற்கும் பேக்குகளைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரணக் கையுறை ஒன்றை எடுங்கள். பவுடர் இருந்தால் கழுவிவிடுங்கள். ஐஸ் கட்டிகளைத் துணியில் முடிந்து பூரிக்கட்டையால் தட்டி, கல் உப்பு அளவுக்கு உடையுங்கள். கையுறையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அதைப் போட்டு, இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே இருக்கும் காற்றை முழுக்கப் பிதுக்கி எடுத்துவிட்டு மணிக்கட்டுப் பகுதியில் முடிச்சுப் போடுங்கள். காற்று இருந்தால் கையுறை பந்து போல உருண்டு கன்னத்தில் நிற்காது. எடை 100 கிராம் வாக்கில் இருந்தால் போதும். இப்படி இரண்டு செய்து கன்னத்துக்கு ஒன்றாகச் சாய்த்து வைத்தால், விரல் பகுதி கண்ணுக்குக் கீழே பதமாகப் படியும், மூக்கின் மேல் பாரம் ஏறாது. ரப்பர் அலர்ஜி இருப்பவருக்கு நைட்ரைல் கையுறை வாங்குங்கள்.

அந்த இரண்டு ஸ்பூன் தண்ணீருக்குக் காரணம் இருக்கிறது. உருகிக்கொண்டிருக்கும் ஐஸ், முழுதும் உருகி முடியும்வரை 0 டிகிரியிலேயே நிற்கும். ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஜெல் பேக்கோ, ஃப்ரீசரின் குளிருக்கே, அதாவது மைனஸ் 18 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். தொட்டால் மெத்தென்று இருப்பதால் அது பாதுகாப்பானது என்று தோன்றும், ஆனால் தோலைச் சுடுவது பெரும்பாலும் அதுதான். ஜெல் பேக் வைத்திருப்பவர்கள் அதை ஃப்ரீசரில் வைக்காமல் கீழ்த்தட்டில் வைத்துக் குளிர்வித்துப் பயன்படுத்துங்கள். ஃப்ரீசரிலிருந்துதான் எடுத்தீர்கள் என்றால் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, உலர்ந்த துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றுங்கள். உருகும் ஐஸுக்கு ஒற்றை மடிப்பு மெல்லிய துணி போதும். ஈரத்துணி குளிரை வேகமாகக் கடத்தும், தடித்த துண்டு ஏறக்குறைய தடுத்தேவிடும். அதற்கேற்ப நேரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

வைக்கும் முறை

1. முதுகுக்கும் தலைக்கும் சேர்த்துத் தலையணை அடுக்கி, 30 முதல் 45 டிகிரி சாய்வில் படுக்க வையுங்கள். தலையை மட்டும் தூக்கினால் கழுத்துதான் மடங்கும், பலன் கிடைக்காது. வீக்கத்தைக் குறைப்பதில் இந்தச் சாய்வுக்கும் பங்கு உண்டு. ஐஸே ஒத்துக்கொள்ளாதவர் இதையாவது ஒழுங்காகச் செய்யட்டும்.

2. கண்ணை மூடச் சொல்லி, கன்னங்களிலும் நெற்றியிலும் துணி சுற்றிய ஐஸை வையுங்கள். கண்ணுக்கு மேல் வைப்பதாக இருந்தால் சும்மா படிந்திருக்க வேண்டும், அழுத்தக் கூடாது. மூக்கின் மேல் நேராக வைக்கவே வேண்டாம். ரைனோபிளாஸ்டி ஆனவர்களுக்கு எலும்பு இன்னும் சேரவில்லை, பாரம் ஏறினால் நகர்ந்துவிடும். மூக்கு அசையாமல் இருக்க மேலே ஒட்டியிருக்கும் ஸ்ப்ளிண்ட் என்ற கட்டு நனைந்தால் கழன்றும் வரும்.

3. பெரியவர்களுக்கு 10 முதல் 15 நிமிடம், குழந்தைகளுக்கு 5 முதல் 10 நிமிடம். போனில் அலாரம் வையுங்கள். வலி மாத்திரையோடு மயக்க மருந்தின் அசதியும் சேர்ந்து எந்த நிமிடமும் கண்ணைச் சொருகவைக்கும்.

4. முதலில் ஜில்லென்று இருக்கும், பிறகு லேசாக எரியும், பிறகு விண்ணென்று வலிக்கும், பிறகு மரக்கும். மரத்துவிட்டது என்றால் 15 நிமிடம் ஆகாவிட்டாலும் எடுத்துவிடுங்கள்.

5. எடுத்ததும் தோலைப் பாருங்கள். தோல் சிவக்கிறதா என்று பார்க்கும்படி பல குறிப்புகளில் எழுதியிருக்கும். மாநிறமும் கறுப்புமான தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. விரலால் லேசாக அழுத்தி விடுங்கள், இரண்டு விநாடியில் பழைய நிறம் திரும்ப வேண்டும். சாம்பல் பூத்தாற்போல் இருந்தாலோ, மெழுகு மாதிரி விறைத்திருந்தாலோ அந்த இடத்தில் அன்றைக்கு ஐஸ் போதும். தேய்க்காதீர்கள், சுடுநீர் ஒற்றாதீர்கள், அறை வெப்பத்தில் விட்டுவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

6. அடுத்த முறைக்கு முன் குறைந்தது 20 நிமிட இடைவெளி தேவை. முதல் நாள் விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு முறை வைக்கலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை போதும்.

உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் வேறு நேரம் எழுதியிருந்தால் அதுதான் உங்களுக்குச் சரி. உங்கள் மூக்குக்குள் என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் இரவு

மூக்கு இரண்டு பக்கமும் அடைத்திருக்க, வாயால் மூச்சு விட்டு, நாக்கு வறண்டு, அடிக்கடி விழித்துக்கொள்ளும் இரவு இது. நோயாளிக்கு வலியைவிட இந்த மூச்சுத் திணறல் உணர்வுதான் கலக்கத்தைத் தரும். தூங்கிவிட்டால் ஐஸுக்காக எழுப்பாதீர்கள். விழிக்கும்போது நெற்றியில் பத்து நிமிடம் வைத்தால் போதும். சிறு ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுச் சப்பக் கொடுங்கள். வாய் வறட்சிக்கும், மயக்க மருந்துக் குழாய் உரசிய தொண்டை எரிச்சலுக்கும் இதமாக இருக்கும். கழுத்தில் ஐஸ் வைப்பதைவிட வாயில் ஐஸ் வைப்பதால்தான் மூக்குச் சவ்வின் ரத்த ஓட்டம் குறைகிறது என்று ஆரோக்கியமானவர்களிடம் செய்த சோதனைகளில் தெரிந்திருக்கிறது. குழந்தைக்கும், மயக்கம் முழுதாகத் தெளியாதவருக்கும் கட்டியாகக் கொடுக்காதீர்கள், புரை ஏறும். ஸ்பூனில் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தால் போதும்.

மூக்குக்குக் கீழே ஒட்டிய காஸில் இளஞ்சிவப்பாகக் கசிவது முதல் ஓரிரு நாள் சகஜம். சாப்பாடு ஆறியதாக இருக்கட்டும். கஞ்சி, மோர் சாதம், இளநீர் நல்லது. கொதிக்கும் மிளகு ரசம் மூக்கை ஒழுக வைக்கும், சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டும். பாட்டி ஆசையாக வைத்த ரசத்தை ஆறவைத்து, நீர்க்கக் கரைத்துக் கொடுத்தால் யார் மனமும் நோகாது.

வலிக்கு டாக்டர் எழுதிய மாத்திரை மட்டும்தான். பெரும்பாலும் அது பாராசிட்டமாலாக இருக்கும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகைகள் ரத்தம் உறைவதைக் குறைக்கும் என்பதால் கேட்காமல் போடக் கூடாது. இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் எப்போது திரும்பத் தொடங்குவது என்பதைத் தாங்களாக முடிவு செய்யக் கூடாது.

மூன்று நாளுக்குப் பிறகு

72 மணி நேரம் தாண்டியபின் ஐஸால் பெரிய பலன் இல்லை. இதமாக இருக்கிறது என்றால் வைக்கலாம், கட்டாயமில்லை. இந்தக் கட்டத்தில்தான் வீட்டில் ஆவி பிடிக்கும் பேச்சு எழும். நொச்சி, யூகலிப்டஸ், மஞ்சள் எதைப் போட்டாலும், சூடான ஆவி உள்சவ்வின் குழாய்களை விரித்து ரத்தக் கசிவைத் திரும்பக் கொண்டுவரலாம். சர்ஜன் சரி என்று சொல்லும்வரை ஆவி வேண்டாம். சுடு ஒத்தடத்துக்கும் இதே பதில்தான். ரைனோபிளாஸ்டியில் கண்ணைச் சுற்றிய கருநீலம் கரைய, மூன்று நாளுக்குப் பிறகு வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

மூக்கின் மேலும் நெற்றியிலும் தைலம் தடவுவதை ஐஸுக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அதிலுள்ள மென்தால், குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டிக் குளிர்ச்சி போன்ற உணர்வைத் தருகிறது. வீக்கம் அப்படியேதான் இருக்கும், புண்ணான சவ்வுக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

உப்பு நீரால் மூக்கைக் கழுவத் தொடங்கும்போது, ஐஸ் நல்லது என்ற நினைப்பில் குளிர்ந்த நீரை எடுத்துவிடாதீர்கள். உள்ளே ஊற்றும் நீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கொதிக்க வைத்து ஆறவைத்த நீரோ டிஸ்டில்டு வாட்டரோதான் எடுக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், வடிகட்டியதாக இருந்தாலும் கேன் தண்ணீர், எதையும் நேராக மூக்கில் விடக் கூடாது. மூளையைத் தின்னும் அமீபா என்று கேரளச் செய்திகளில் படித்திருப்பீர்கள், அது உடலுக்குள் நுழையும் வழி மூக்குதான்.

ரத்தம் வந்தால்

நிமிர்ந்து உட்கார வைத்து, தலையை லேசாக முன்னால் சாய்க்கச் சொல்லுங்கள். மல்லாக்கப் படுத்தால் ரத்தம் வயிற்றுக்குள் போய் வாந்தி வரும். நெற்றியிலும் கன்னத்திலும் ஐஸ் வைத்து, வாயில் ஒரு ஐஸ் துண்டு கொடுங்கள். மூக்கின் ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்தை டாக்டர் எழுதியிருந்தால் அவர் சொன்ன அளவில் விடலாம். மூக்கை அழுத்திப் பிடிக்கலாமா என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எலும்பைச் சரிசெய்தவர்கள் அழுத்தக் கூடாது. முதல் வாரக் கடைசியில் பொருக்கு உதிரும்போது திரும்பவும் கொஞ்சம் ரத்தம் எட்டிப்பார்க்கலாம். மூக்கைச் சிந்துவது, குனிந்து பாரம் தூக்குவது, முக்கி மலம் கழிப்பது எல்லாம் அதற்குக் காரணமாகும். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். மூக்கைச் சிந்தியதும் இமை திடீரென உப்பி, தொட்டால் நறநறவென்று இருந்தால் அது தோலுக்கடியில் காற்று ஏறியதால். அதற்கு ஐஸ் வைத்துப் பயனில்லை, டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

ஐஸைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுக்க வேண்டிய நேரம்

பார்வை மங்குவது, இரட்டையாகத் தெரிவது, கண் பிதுங்குவது. 15 நிமிடம் உட்கார்ந்தும் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் நிற்காமல் வருவது. குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டுவது, அது உப்புக் கரிப்பது. மூளையைச் சுற்றியுள்ள திரவம் கசிகிறதோ என்று உடனே பார்க்க வேண்டியது இது. கழுத்து விறைத்துக் கடுமையாகத் தலை வலிப்பது. காய்ச்சல் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது. மூக்கில் பேக்கிங், அதாவது ரத்தம் நிற்க உள்ளே திணித்த அடைப்பு, இருக்கும்போது காய்ச்சலோடு வாந்தி, உடம்பெங்கும் தடிப்பு வருவது. நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடிக்கொண்டே போய், மூக்கு இரண்டு பக்கமும் முழுதாக அடைப்பது. நடுத்தண்டில் ரத்தம் கட்டினால் இப்படி ஆகும், காலதாமதம் செய்தால் குருத்தெலும்பே கரைந்துவிடும்.

இவற்றில் எதற்கும் காலைவரை காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள், யாரும் எடுக்காவிட்டால் 108. டியூட்டி டாக்டரிடம் என்ன ஆபரேஷன், எந்தத் தேதியில், மூக்கில் பேக்கிங் அல்லது ஸ்ப்ளிண்ட் இருக்கிறதா, கடைசியாக எந்த மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், கண் சரியாகத் தெரிகிறதா என்ற ஐந்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.